குரல் விழுங்கிய கழித்தல் குறி

போன வாரம் நான் செம்பூர் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், நம்ம சாஃப்ட்வேர் சந்தேகமான ஒரு குறியைப் பார்த்தா ஏன் நின்னுபோய், ‘இங்கே ஏதோ இருக்கு, எனக்குத் தெரியலை’ன்னு சொல்லுது? பசங்க எரிச்சல்படறாங்க. அதைத் தாண்டிப் போற மாதிரி செஞ்சுட்டா என்ன?"

டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. "எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு மாதுங்காவுக்கு பஸ் ஏறினேன். எழுதுவதற்கு உட்கார்ந்தால் கை வரவில்லை. காரணம், அப்படித் தாண்டிப்போகும்படி ஒரு காலத்தில் செய்தவள் நான்தான். அதை அன்று எல்லோரும் பாராட்டவும் செய்தார்கள்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கணக்கை வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டர் குரலை நாங்கள் அப்போதுதான் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுக்க ஆரம்பித்திருந்தோம். குழு மிகவும் சின்னது. எந்தக் குறியை எப்படி வாசிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற விதிகளை எழுதுவது என் பொறுப்பு. ஒரு பள்ளி ஆசிரியை போனில் குறைபட்டுக்கொண்டார். கேள்வித்தாளில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அவர் ஒரு சின்னக் கோடு போட்டுத் தட்டச்சு செய்வாராம். எங்கள் குரல் அதை ஒவ்வொரு தடவையும் "மைனஸ், மைனஸ்" என்று வாசித்ததால் பிள்ளைகள் குழம்பினார்கள். நியாயமான குறை. அன்று மதியமே ஒரு விதி எழுதினேன்: எதன் தொடக்கத்திலாவது ஒரு கோடு வந்தால் அது வெறும் அலங்காரம், வாசிக்காதே. மறுநாள் அந்த ஆசிரியை மறுபடி கூப்பிட்டு, "இப்போ தண்ணி மாதிரி ஓடுது" என்றார். எங்கள் தலைவர் மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்.

அந்த வருஷம்தான் ரிஸ்வானா எங்களிடம் வந்தாள்.

தாராவிப் பெண். குடும்பத்துக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவள் வாப்பா தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். கீழே பட்டறை, மேலே வீடு. ரிஸ்வானாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்து ஜூனியர் காலேஜில் காமர்ஸ் சேர்ந்திருந்தாள். காமர்ஸில் மேத்ஸ் எடுக்கலாம். அதற்குப் பதிலாக அலுவலகக் கடிதம், செயலர் வேலை என்று போகும் செக்ரெட்டேரியல் பிராக்டிஸையும் எடுக்கலாம். பார்வையில்லாத பிள்ளைகளைக் கேட்காமலேயே இரண்டாவதில்தான் போடுவார்கள். ரிஸ்வானா பிரின்சிபால் அறை வாசலில் நின்று மேத்ஸ்தான் வேண்டும் என்று வாங்கியிருந்தாள்.

"எதுக்கு மேத்ஸ்?" என்று முதல் நாள் நான் கேட்டேன்.

"எதுக்குன்னா? புடிச்சிருக்கு மேடம்" என்றாள். "மத்த சப்ஜெக்ட்ல மிஸ் சொன்னாத்தான் அது சரி. இதுல நானே போட்டுப் பாத்து சரின்னு சொல்லிக்கலாம்லா."

ஒரு லேப்டாப்பில் எங்கள் குரலைப் போட்டு அவளிடம் கொடுத்தோம். வகுப்புப் பாடங்களைத் தோழி ஒருத்தி வாசித்துச் சொன்னாள். பரீட்சைக்கு மட்டும் எங்கள் குரல். காலேஜும் ஒப்புக்கொண்டது. கேள்வித்தாளைக் கம்ப்யூட்டரில் கொடுப்பார்கள். அவள் ஹெட்ஃபோனில் கேட்டு, விடையைத் தானே தட்டச்சு செய்வாள். உதவிக்கு ஆள் கிடையாது. நகரத்தில் இப்படி எழுதும் முதல் பிள்ளைகளில் ஒருத்தி என்று எங்களுக்கெல்லாம் பெருமை.

முதல் டெர்ம் தேர்வில் அவள் கணக்கில் தோற்றாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. கணக்குப் பேராசிரியரிடம் போனில் பேசினேன். "கான்செப்ட் எல்லாம் தெரியுது. ஆனா குறிகளில் கவனமே இல்லை. மைனஸ் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறாள்" என்றார். அவர் திருத்திய தாளை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். கண்டிப்பாக மைனஸ் வர வேண்டிய இடங்கள் பலவற்றில் அவள் அது இல்லாமலேயே கணக்கைப் போட்டிருந்தாள்.

இனி நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் தாராவிக்குப் போனேன். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேலே, பாயில் ரிஸ்வானா எதிரே உட்கார்ந்துகொண்டு, நான் அவளுக்கு மைனஸ் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தேன். பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு! லிஃப்டை உதாரணம் சொன்னேன். "தரைத்தளம் பூஜ்யம்னு வெச்சுக்கோ. அதுக்கும் கீழே கார் நிறுத்தற தளம் மைனஸ் ஒண்ணு…"

"தெரியும் மேடம்" என்றாள்.

"தெரிஞ்சா ஏன் விட்டே?"

அவள் பாயின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, நான் சொல்றேன், நீ போடு" என்று வாயாலேயே கணக்குகளைச் சொன்னேன். வேண்டுமென்றே நிறைய மைனஸ் போட்டுச் சொன்னேன். ஒன்றுகூடத் தப்பவில்லை, எல்லாம் சரி. நான் சொல்லி முடிப்பதற்குள் விடை வந்துவிழுந்தது. அதைப் பார்த்துவிட்டு எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஆனால் நான் கண்ட முடிவு இது: பக்கத்தில் ஆள் இருந்தால் கவனமாகப் போடுகிறாள், தனியாக விட்டால் கவனம் சிதறுகிறது. அதை அவள் வாப்பாவிடமும் சொன்னேன். அவர் பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்திருந்தார்.

"கேட்டியாட்டி?" என்றார் மகளிடம். "மேடம் இம்புட்டு தூரம் வந்து சொல்லுதாவ. புத்திய எங்கன வச்சிருந்த நீ?"

"இனி கவனமா இருக்கேன் வாப்பா."

நான் கிளம்பும்போது ரிஸ்வானா கேட்டாள்: "மேடம், மிஷின் சில நேரம் நம்பருக்கு முன்னாடி லேசா நிக்கி. மூச்சு விடுத மாதிரி. அது எதுக்கு?"

"அது ஒண்ணுமில்லே, லோட் ஆகறது. அதையெல்லாம் கவனிச்சா கணக்கில் கோட்டை விடுவே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அடுத்த தேர்விலும் தோற்றாள். இந்தத் தடவை மார்க் இன்னும் குறைவு. காலேஜ் அவளைக் கூப்பிட்டு மேத்ஸை விட்டுவிடும்படி சொன்னது. அவள் வாதாடவில்லை என்று வாப்பா போனில் சொன்னார். "அவளே சொல்லிட்டா மேடம், எனக்குக் கணக்கு வரல வாப்பா, விட்டுருதேன்னு. நீங்களும் எம்புட்டோ பாத்திய. அவ தலையில எழுதினது அம்புட்டுதான்." எனக்கும் வருத்தம்தான். கூடவே, இதை மறைக்கக் கூடாது, பொறுப்பு என் கையை விட்டுப் போனதில் சின்ன நிம்மதியும் இருந்தது.

மாதங்கள் போயின. கல்வித்துறை அதிகாரிகள் எங்கள் குரலைப் பார்க்க வருவதாக முடிவானது. அவர்களுக்குப் பிடித்துப்போனால் நிறையப் பள்ளிகளுக்குப் போகும். அந்த வாரத்தில் எனக்குக் கண் டாக்டரிடம் முறை இருந்தது, தள்ளிப்போட முடியவில்லை. மாதுங்காவில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பரிசோதித்தார்கள். சில மணி நேரத்துக்கு எழுத்து எதுவும் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றார்கள். நான் டாக்ஸி பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். அவ்வளவு வேலை கிடந்தது.

திரையைப் பார்த்தால் வெள்ளைப் புகைதான் தெரிந்தது. பக்கத்து மேசையில் தினேஷ் இருந்தார். எங்கள் குழுவில் பார்வையில்லாதவர் அவர் ஒருவர்தான். தினமும் உல்லாஸ்நகரிலிருந்து ரயிலில் வருவார். மெனுவெல்லாம் காதுக்குச் சரியாக வருகிறதா என்று சோதிப்பது அவர் வேலை.

"இன்னைக்கு நீங்களும் நம்ம பார்ட்டியா மேடம்?" என்று சிரித்தார். "ஹெட்ஃபோனை மாட்டுங்க. கண்ணு என்னத்துக்கு?"

மாட்டினேன். அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்ட உண்மையான கேள்வித்தாள் ஒன்று வேண்டும் என்று ரிஸ்வானாவின் முதல் டெர்ம் தாளைத்தான் எடுத்து வைத்திருந்தேன். ஒரு கணக்கு வந்தது. இரண்டு வரிசையில் நான்கு எண்கள். குறுக்கே பெருக்கிக் கழித்து விடை சொல்ல வேண்டும். குரல் வாசித்தது: மூன்று, இரண்டு. அடுத்த வரிசை: ஒன்று, நான்கு.

எனக்கு அந்தத் தாள் கிட்டத்தட்ட மனப்பாடம். முதல் வரிசையில் இருப்பது மூன்று, மைனஸ் இரண்டு. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி ஓடவிட்டேன். மூன்று. இரண்டு. அந்த இரண்டுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. மூச்சு விடுவது மாதிரி.

தினேஷிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "மூணு, ரெண்டு, ஒண்ணு, நாலு. க்ளியரா வருதே மேடம்" என்றார்.

"தினேஷ், ரெண்டுக்கு முன்னாடி மைனஸ் இருக்கணும். இந்தத் தாளை நீங்க கேட்டிருக்கீங்களே, அப்போ ஏதும் தோணலையா?"

"எப்படித் தோணும்?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "எனக்கு ஏழாங்கிளாஸோட கணக்கை நிறுத்திட்டாங்க. உனக்கு வேண்டாம், மியூசிக் எடுத்துக்கோன்னாங்க. இதுல என்ன இருக்கணும்னு தெரிஞ்சாத்தானே என்ன இல்லேன்னு நான் சொல்ல முடியும்?"

வேறொருவரைக் கூப்பிட்டுத் திரையில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். "த்ரீ, மைனஸ் டூ" என்றார் அவர்.

அதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை. எதன் தொடக்கத்திலாவது கோடு வந்தால் வாசிக்காதே என்று எழுதியிருந்தேன் அல்லவா? கட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் ஒரு தொடக்கம்தான். அடைப்புக்குறிக்குள் வரும் முதல் எண்ணும் அப்படியே. இரண்டு எண்களுக்கு நடுவே வரும் மைனஸைக் குரல் ஒழுங்காக வாசித்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எண்ணின் தலையில் உட்கார்ந்திருந்த மைனஸை மட்டும் சத்தமில்லாமல் விழுங்கி, அந்த இடத்தில் ஒரு மூச்சளவு இடைவெளியை விட்டுக்கொண்டே இருந்தது.

அந்தத் தாளை நான் எத்தனையோ தடவை குரலோடு ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் கண் திரையில் இருந்தது. கண் பார்த்த மைனஸைக் காது கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கண் கூசி நீர் வழிந்துகொண்டிருந்தது. மருந்தால் என்றுதான் அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பாயும், லிஃப்ட் உதாரணமும், பாயின் ஓரத்தைச் சுரண்டிய விரலும்தான்.

தலைவர் அறைக்குப் போனேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கற்றுக்கொடுத்தது. முழுவதையும் கேட்டார்.

"இன்னைக்கே சரி பண்ணிடு" என்றார். "ஆனா வெளியில சொல்ல வேண்டாம். அப்டேட் அனுப்பறப்போ ‘வாசிப்பு மேம்படுத்தப்பட்டது’ன்னு போட்டுக்கலாம்."

"அந்தப் பொண்ணு மேத்ஸை விட்டுட்டா சார்."

"எனக்கும் வயிறு எரியறதும்மா. ஆனா யோசிச்சுப் பாரு. பார்வையில்லாதவங்களுக்கு மேத்ஸ் எதுக்குன்னு சொல்லக் காரணம் தேடிண்டிருக்கற காலேஜ் எத்தனை இருக்கு? மெஷினே தப்பா வாசிக்கறதுன்னு ஒரு வார்த்தை போச்சுன்னா, அத்தனை பசங்களையும் நாளைக்கே வெளியே தள்ளுவாங்க. ஒருத்திக்காக எல்லாரையும் பணயம் வைக்கறியா?"

அவர் பயந்து பேசவில்லை. அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். பிறகு நடக்கவும் செய்தது.  விதியை அன்றே திருத்தினேன். வாயைத் திறக்காமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தக் காலேஜுக்குப் போனேன்.

வைஸ் பிரின்சிபால் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சில இடங்களில் குரல் தெளிவாக இல்லாமல் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. முடிந்தால் அந்த மாணவியின் விஷயத்தை மறுபடி பரிசீலிக்கலாம்" என்றேன். இப்படித்தான் பேசினேன். தப்பு என்ற வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. என் விதி என்றும் வரவில்லை.

"மேடம், ஃபெயிலான எல்லாப் பிள்ளைக்கும் ஒரு காரணம் இருக்கு" என்று அவர் சிரித்தார். "ஒருத்தர் ஃபேன் ஓடலைங்கறார், ஒருத்தர் காய்ச்சல்ங்கறார். அந்தப் பொண்ணே வந்து எனக்கு வராதுன்னு சொல்லிட்டா. நீங்க ஏன் பாவம் அவளைத் தொந்தரவு பண்றீங்க?"

நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நன்றி!

தப்பு செய்ததைவிட எனக்கு இன்றுவரை கூசுவது அந்தப் பேச்சுதான். விதி எழுதியபோது எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து மழுப்பியபோது எல்லாம் தெரியும். வெளியே வந்து ரோட்டோரம் நின்றேன். செம்பூர் பக்கம் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை. தாராவிக்கு டாக்ஸி பிடித்தேன்.

வாப்பா என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தி எழுந்தார். "வாங்க மேடம், வாங்க. ஏட்டி ரிஸ்வானா, மேடம் வந்திருக்காவ. டீ சொல்லட்டா?" மேலே போனோம். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. டீயைக் குடித்துவிட்டு இதைச் சொல்ல முடியாது.

"ரிஸ்வானா, நீ கணக்கைத் தப்பா போடலை. எங்க குரல்தான் மைனஸை வாசிக்காம விட்டுடுத்து. அப்படி விடச்சொல்லி விதி எழுதினது நான். உனக்குப் புரியலைன்னு இங்கே வந்து சொன்னதும் நான்தான்."

அவள் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பி அப்படியே நின்றது. வாப்பாதான் முதலில் பேசினார்.

"மத்லப்… அப்படின்னா, இவ மேல தப்பு இல்லைங்கியளா?"

"இல்லை."

"இத்தன மாசமா நான் இவளத்தான மேடம் ஏசுனேன்." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அடுத்தவன் பிள்ளைக்கெல்லாம் கண்ணு இருக்கு, உனக்கு அல்லாஹ் புத்தியக் குடுத்தான், அதையும் நீ உபயோகிக்கலன்னு… அந்த வார்த்தைய நான் சொல்லிட்டேன மேடம்."

"வாப்பா, சும்ம இருங்க" என்றாள் ரிஸ்வானா. பிறகு என்னிடம், "பேப்பர் கொண்டாந்திருக்கியளா?"

பையில் இருந்தது.

"வாசிங்க. ஒங்க வாயால."

வாசித்தேன். மூன்று, மைனஸ் இரண்டு. ஒன்று, நான்கு.

"பதினாலு" என்றாள். "பரீச்சைல பத்துன்னு போட்டேன். அடுத்தது?"

இரண்டு புள்ளிகள் வழியாகப் போகும் கோட்டின் சாய்வு. முதல் புள்ளி மைனஸ் ஒன்று, இரண்டு. அடுத்தது மூன்று, பத்து.

"ரெண்டு. அன்னைக்கு நாலுன்னு எழுதினேன். ஒண்ணு, ரெண்டுன்னுதான் எனக்குக் கேட்டுச்சு. அதுக்கு நாலு சரிதான?"

"சரிதான்."

"அடுத்தது."

அவள் விடவில்லை. தாள் முழுவதையும் வாசிக்க வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை சொன்னாள், ஒன்று உண்மையான கணக்குக்கு, இன்னொன்று அவள் காதில் விழுந்த கணக்குக்கு. இரண்டும் சரியாக இருந்தன. டீ வந்து ஆறிப்போய் ஏடு கட்டியது. கடைசிக் கணக்கு முடிந்ததும் அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "அப்ப நான் அன்னைக்குப் போட்டதும் சரி" என்று மட்டும் சொன்னாள், யாரிடமும் இல்லாமல்.

"என்னோட காலேஜுக்கு வருவியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு? நீங்க போய்ச் சொல்லுங்க. இங்கன சொன்ன மாதிரியே சொல்லுங்க."

போனேன். இந்தத் தடவை லேப்டாப்பில் பழைய விதியைத் திரும்பப் போட்டு எடுத்துக்கொண்டு, நேரே கணக்குப் பேராசிரியரிடம் போனேன். எங்கள் தப்பு, என் விதி, அவள் சரி என்று மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். நம்பாத முகத்தோடு பார்த்தார். "கண்ணை மூடிண்டு கேளுங்கோ சார், கேட்டதை மட்டும் எழுதுங்கோ" என்று கேட்டுக்கொண்டேன். கைக்குட்டையைக் கண்ணில் கட்டிக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினார். கேட்டதைக் கோணல்மாணலாக எழுதினார். பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, தான் எழுதியதையும் தானே தயாரித்த கேள்வித்தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் ரிஸ்வானாவின் விடைத்தாளை எடுத்து மூன்றாவதாக வைத்தார்.

"அரே" என்றார் மெதுவாக. "இது முழுக்க நான் சிவப்புப் பேனாவால் கிறுக்கியிருக்கிறேனே."

அவரே எழுந்து பிரின்சிபால் அறைக்குப் போனார். ரிஸ்வானாவுக்கு மறுதேர்வு வைத்தார்கள். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: மிஷின் வேண்டாம், ஒரு ஆள் வாசிக்க வேண்டும். பேராசிரியரே வாசித்தார். நான் வராந்தாவில் இருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு அவள் "இன்னொரு வாட்டி" என்று சொல்வது கேட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நல்ல மார்க்கோடு மேத்ஸுக்குத் திரும்பினாள். விட்டுப்போன மாதங்களின் பாடத்தை அவள் வீட்டில் உட்கார்ந்து தனியாகத்தான் படித்து முடிக்க வேண்டியிருந்தது.

தலைவர் சொன்னதும் நடந்தது. அந்தக் காலேஜ் எங்கள் குரலை நிறுத்தியது. செய்தி பரவி வேறு சில பள்ளிகளும் நிறுத்தின. அதிகாரிகள் வருவது ரத்தானது. எங்களை நம்பி மேத்ஸ் எடுத்திருந்த பிள்ளைகள் சிலர் அந்த வருஷம் நடுவழியில் நின்றார்கள். தலைவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீ சொன்னது சரிதான். நான்தான் சறுக்கிட்டேன்" என்றார். "ஆனா அந்தப் பசங்ககிட்ட போய் ஏன் நின்னுபோச்சுன்னு நீயே சொல்லணும். வேற யாரையும் அனுப்ப மாட்டேன்."

ஒவ்வொரு பள்ளியாகப் போனேன். நெருள் பள்ளி ஒன்றில் ஒரு பையன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ போன வருஷம் நான் ஃபெயிலானதும் இதனாலயா ஆன்ட்டி?" என்று கேட்டான். அவன் எழுதிய தாள் பள்ளியில் இல்லை, கழித்துவிட்டார்கள். கேள்வித்தாளும் இல்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரியலைப்பா" என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவனுக்கு இன்றுவரை தெரியாது, எனக்கும் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. நின்றுபோய்க் கத்துகிற மெஷின் எரிச்சல் தரும். ஆனால் யாருடைய தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். பேசாமல் தாண்டிப் போகிற மெஷின் தன் தப்பைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடும். ஒரு பிள்ளை தப்பாகப் போட்டால் முதலில் நம் பக்கத்தைச் சோதியுங்கள், திரையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். நம் பக்கத்தில் தப்பு என்று தெரிந்த பிறகு, அதைச் சொல்வதற்கு மெத்தென்று வார்த்தை தேடாதீர்கள். அந்த வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டாவது முடிந்ததும் ரிஸ்வானா ஒரு நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள், லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்காக. மேத்ஸில் நன்றாகவே தேறியிருந்தாள், பி.காம். சேரப்போவதாகச் சொன்னாள். தலைவர் அவளிடம், தினேஷோடு சேர்ந்து கணக்குப் பகுதியைச் சோதிக்கும் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

"இல்ல சார், படிக்கணும்" என்றாள்.

அவர் போன பிறகு நான் சொன்னேன்: "இப்போ ஒரு குறியையும் விடாம வாசிக்கறது. தெரியாதது வந்தா நின்னு சொல்லிடறது. நீ இதையே வெச்சுக்கோயேன், காலேஜுக்கு உதவும்."

அவள் பையிலிருந்து சார்ஜரை எடுத்தாள்.

"நல்லா ஆயிருக்கும் மேடம், நான் இல்லைங்கல. ஆனா பாருங்க, இப்ப ஒரு கணக்குக்கு விடை தப்பா வந்தா எனக்கு மிஷின் மேல சந்தேகம் வரல்ல. என் மேலதான் வருது. சரியா வந்தாலும் வருது. முந்தி அப்படி இல்ல." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உடம்புக்கு என்ன என்று டாக்டரிடம் சொல்வது மாதிரி சொன்னாள். "அத எந்த அப்டேட்ல சரி பண்ணுவிய?"

 அவள் சார்ஜர் வயரைச் சுற்றி ரப்பர் போட்டு, லேப்டாப்பின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் உடனே கையை எடுக்கவில்லை. நான் சரியாகப் பிடித்திருக்கிறேனா என்று என் விரல்களை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.